பற்சக்கரமும் புள்ளிக்கோலமும்

நான் ஒரு மகளிர் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக அழைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போன இடத்தில், ஒன்பதாம் வகுப்புக் குழு ஒன்று, மழை வந்தால் துணிக்கொடி தானாகவே கூரைக்குள் போய்விடும் மாதிரியைச் செய்து வைத்திருந்தது. குழுவில் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். சிறு தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். மோட்டார் சுழன்றது. பொம்மைச் சட்டைகள் தொங்கிய கயிறு உள்ளே நகர்ந்தது.

பெண்களில் ஒருத்தி மனப்பாடம் செய்திருந்ததை மளமளவென்று சொன்னாள். "இந்த டிரான்சிஸ்டர் எதுக்கும்மா?" என்று நான் இடையில் கேட்டதும் நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பையனைப் பார்த்தாள்.

"அவன்தான் மிஸ் சால்டரிங் பண்ணான். எங்க ரெண்டு பேரையும் சார்ட் வரையச் சொன்னாங்க."

சரி, இதைச் செய்யலாம் என்று யாருக்குத் தோன்றியது என்று கேட்டேன்.

"நான்தான் மிஸ் சொன்னேன். எங்கம்மா வேலைக்குப் போயிடுவாங்க. மழை வந்தா நான்தான் ஓடிவந்து துணி எடுக்கணும்."

மதிப்பெண் தாளில் மாதிரி வேலை செய்கிறதா, புதுமை உண்டா, விளக்கம் தெளிவா என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அந்தக் குழுவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. குழுத்தலைவர் என்ற இடத்தில் பையனின் பெயர் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கையெழுத்து என்னை வெகுநாள் உறுத்தியது. அதற்குப் பிறகுதான் 'செய்து கற்றல்' பற்றி உலகம் முழுவதும் எழுதப்பட்டிருப்பதை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் தனித்தனிப் பாடமாகப் பிரிக்காமல், ஒரு பொருளைச் செய்வதன் வழியே சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது இன்றைய ஸ்டெம் கல்வி. மனப்பாடத்தால் நொந்த நமக்கு இது இனிப்பான செய்தி. எனக்கும் இதில் மறுப்பு இல்லை. 'கை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அது யாருடைய கை, அந்தக் கைக்கு என்ன பொருள் கொடுக்கப்படுகிறது, வேலை முடிந்ததும் அது யாருடைய அறிவாகக் கணக்கில் ஏறுகிறது என்று கேட்காமல் விடுவதில்தான் எனக்கு மறுப்பு.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் நூல் ஒன்று உண்டு. சேமூர் பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்'. குழந்தைகள் கணினியை வைத்துத் தாங்களே எதையாவது உருவாக்கும்போதுதான் ஆழமாகக் கற்கிறார்கள் என்பது அதன் வாதம். முன்னுரையில் பேப்பர்ட் தன் சிறுவயதைச் சொல்கிறார். இரண்டு வயதுக்கு முன்பே அவருக்குக் கார்களின் மேல் பித்து. காரின் பற்சக்கரங்கள் எப்படி ஒன்றையொன்று சுழற்றுகின்றன என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபடியே வளர்ந்தார். பள்ளியில் வாய்ப்பாடும் சமன்பாடும் வந்தபோது அவற்றைப் பற்சக்கரங்களாகவே பார்த்தார். கணக்கு எளிதாயிற்று.

அழகான கதைதான். பேப்பர்ட் நேர்மையானவரும்கூட. எல்லாக் குழந்தைக்கும் ஒரு பெட்டிப் பற்சக்கரம் கொடுத்துவிட்டால் எல்லோரும் என்னைப் போல ஆகிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள், நான் அவற்றைக் காதலித்தேன், அதுதான் விஷயம் என்று அங்கேயே எச்சரிக்கிறார். பிறகு நடந்தது என்ன? 1998-இல் லெகோ நிறுவனம் அந்த நூலின் பெயரையே வைத்து ரோபோ பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சக்கரம், மோட்டார், வண்டி, போட்டி. செய்து கற்றல் என்றால் பெட்டியைத் திறந்து ரோபோ செய்வது என்று பல நாடுகளின் பள்ளிகளில் பொருள் ஆகிவிட்டது. ஒரு சிறுவனின் காதல் எல்லோருக்குமான பாடத்திட்டம் ஆனது. அவர் எச்சரித்தது இதைத்தான்.

அந்த முன்னுரையைப் படிக்கும்போது எனக்கு எங்கள் வீட்டுத் தையல் இயந்திரம் நினைவுக்கு வந்தது. அம்மா காலால் மிதிப்பார். பலகையின் முன்பின் ஆட்டம் பெரிய சக்கரத்தின் சுழற்சியாகும். வார் அதை மேலே இருக்கும் சின்னச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். அந்தச் சுழற்சி மறுபடி ஊசியின் மேல்கீழ் ஓட்டமாகும். பெரிய சக்கரம் ஒரு சுற்று வரும்போது சிறியது பல சுற்று வருவதால்தான் மெதுவாக மிதித்தாலும் ஊசி வேகமாக ஓடுகிறது. பேப்பர்ட் கண்ட விகிதக் கணக்கு அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை வைத்தே பாபின் சரியாக உட்காரவில்லையா, வார் தளர்ந்துவிட்டதா என்று அம்மா சொல்லிவிடுவார். ஆனால் நான் படித்த பாடநூலில் எளிய இயந்திரங்கள் என்றால் நெம்புகோல், கப்பி, சாய்தளம். எங்கள் கிராஃப்ட் பீரியடில் தையல் டீச்சர் எங்களுக்குக் காஜா எடுக்கவும் ஹெம்மிங் செய்யவும் கற்றுக்கொடுத்தார். அந்த வகுப்புக்கும் இயற்பியல் வகுப்புக்கும் இடையே ஒரு சுவர்தான் இருந்தது. அதைத் தாண்டி எந்தச் சொல்லும் வந்ததில்லை.

பேப்பர்ட்டின் நூலைவிட எனக்கு நெருக்கமானது, அவரும் ஷெர்ரி டர்க்கிளும் 1990-இல் 'சைன்ஸ்' என்ற பெண்ணிய ஆய்விதழில் எழுதிய கட்டுரை. கணினி வகுப்பில் இரண்டு மாணவிகள். ஒருத்தி கவிதை எழுதுபவள், மற்றவள் பியானோ வாசிப்பவள். இருவருக்கும் நிரலைக் கையில் எடுத்து, அதன் உள்ளே புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிக் கட்டத்தான் பிடிக்கிறது. முதலில் திட்டம் போடு, ஆயத்தப் பகுதிகளை உள்ளே பார்க்காமல் பயன்படுத்து, மேலிருந்து கீழாகச் செய் என்கிறது வகுப்பு. இருவரும் தம் வழியை விட்டுவிட்டு வகுப்பின் வழிக்கு வளைகிறார்கள். கணினியின் மேல் இருந்த ஒட்டுதல் போய்விடுகிறது. பொருளோடு நெருங்கி நின்று சிந்திப்பதும் சிந்தனைதான், அதைக் குறைவானது என்று ஒதுக்கியதால்தான் பல பெண்கள் வெளியே நிற்கிறார்கள் என்று இருவரும் வாதிட்டார்கள். பெண்களின் மூளையே வேறு என்று அவர்கள் சொல்லவில்லை. அறிவுக்கு ஒரே நடை என்று தீர்மானித்தவர்கள் யார் என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வியைப் பொருளாகவே செய்து காட்டியவர் லியா பீக்லி. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, துணியில் தைக்கக்கூடிய சின்னக் கணினிப் பலகையை உருவாக்கினார். லில்லிபேட் ஆர்டுயினோ என்ற பெயரில் 2007-இல் அது விற்பனைக்கு வந்தது. வட்டமான பலகை, ஓரமெல்லாம் துளைகள். கம்பிக்குப் பதில் மின் கடத்தும் நூல், சால்டரிங்குக்குப் பதில் ஊசி. இதை எளிய வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நேர்முனையில் இருந்து வரும் தையலும் எதிர்முனைத் தையலும் எங்கேயும் தொட்டுக்கொள்ளக்கூடாது. துணியின் பின்பக்கம் ஒரு நூல்முனை நீண்டு கிடந்தாலே குறுக்குச்சுற்று ஆகிவிடும். செம்புக் கம்பியைவிட இந்த நூலுக்கு மின்தடை அதிகம் என்பதால், தையல் நீளநீள எல்இடி மங்கும். ஓட்டுத்தையல் தெரிந்த பெண் தன் விரலாலேயே மின்தடையைப் படிக்கிறாள்.

பீக்லியும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2010-இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். மக்கள் செய்து வெளியே காட்டியவற்றைப் பார்த்தபோது, வழக்கமான ஆர்டுயினோ பலகையில் செய்யப்பட்டவற்றில் பெண்களுடையவை மிகச் சொற்பம். லில்லிபேடில் செய்யப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்களுடையவை. உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் ஒன்றேதான். பெண்களுக்கு ஆர்வமில்லை, தொழில்நுட்பம் வராது என்று எத்தனை பேர் எத்தனை காலம் சொல்லியிருக்கிறார்கள்! பொருளையும் வேலையையும் மாற்றியவுடன் ஆர்வம் எங்கிருந்தோ வந்துவிட்டது. ஆண்களின் சங்கக் கதவைப் பெண்களுக்குத் திறந்துவிடுவதோடு நிற்காமல், வேறு சங்கங்களைக் கட்ட வேண்டும் என்பது அவர்கள் இதிலிருந்து எடுத்த முடிவு.

இங்கே எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பெண் என்றால் துணி, பெண் என்றால் ஊசி என்று மறுபடியும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோமா? கடைகளில் இளஞ்சிவப்பு அறிவியல் பெட்டிகள் வருவதைப் பார்க்கும்போது இந்தப் பயம் கூடுகிறது. இந்தத் தயக்கத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது.

பெண்களின் கை மின்னணுவியலுக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினியில், நிரல் என்பது காந்த வளையங்களின் உள்ளேயும் வெளியேயும் கோத்த கம்பிதான். மாசசூசெட்ஸில் ஓர் ஆலையில் பெண்கள் உட்கார்ந்து அதை நெய்தார்கள். 1965-இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில், ஷிப்ராக் என்ற ஊரில், மின்னணு ஆலை தொடங்கியது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நவஹோ பெண்கள். 1969-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட சிற்றேடு, அவர்கள் நெய்யும் கம்பள வடிவத்தையும் சில்லின் மின்சுற்றையும் ஒப்பிட்டு, இந்த வேலை இவர்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்ற தொனியில் பேசியது. லிசா நகமுரா 2014-இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக ஆராய்கிறார். நெசவுத் திறன் மெச்சப்பட்டது. ஆனால் சில்லை வடிவமைக்கும் மேசைக்கு அந்தப் பெண்களை யாரும் அழைக்கவில்லை. 1975-இல் ஆலை மூடப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விடியற்காலையில் போகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. கைபேசி ஆலைப் பேருந்துகள் நிறைய இளம்பெண்கள். என் மாணவிகள் சிலரின் அக்காக்களும் அதில் இருக்கிறார்கள். பொறுமைசாலிகள், நுணுக்கமான விரல்கள் என்று அவர்களையும் புகழ்கிறார்கள். எந்நேரமும் மின்சுற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கைகளைவிடச் செய்து பார்த்த கை எது? ஆனாலும் அதை யாரும் ஸ்டெம் என்று சொல்வதில்லை. கை வேலை செய்வதால் மட்டும் அறிவு கைக்கு உரியதாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கைத்தொழிலையும் கல்வியையும் சேர்ப்பது என்றவுடன் தமிழ்நாட்டில் நமக்கு 1953 நினைவுக்கு வர வேண்டும். ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் படிப்பார்கள், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் செய்து கற்றல்தான். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். சலவைத் தொழிலாளியின் பிள்ளைக்கு வெளுப்பதும், குயவர் பிள்ளைக்கு மண் பிசைவதும் பாடமாகும் என்றால், சாதியே பாடத்திட்டம் ஆகிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்த அரைநாள் எங்கே கழிந்திருக்கும்? அம்மாவோடு அடுப்படியில்தான். எதிர்ப்பு வலுத்து 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். அந்தப் போராட்டம் நடந்திருக்காவிட்டால் என் தலைமுறைப் பெண்கள் பலர் ஆய்வகத்துக்குள் கால் வைத்திருக்க முடியாது. ஆகவே, பிள்ளையின் வீட்டுச் சூழலிலிருந்து கற்பியுங்கள் என்று ஏதாவது கல்வி அறிக்கை இனிமையாகச் சொல்லும்போது, எந்த வீடு, அங்கிருந்து எங்கே அழைத்துப் போவீர்கள் என்று நான் கேட்கிறேன்.

இதற்கு எதிர்த் திசையில் ஓர் உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்தார். கல்லுடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அதற்கு முன்பும் பல வீடுகளில் சைக்கிள் இருந்தது. அது ஆண்களின் பொருளாக இருந்தது. கற்றபின் தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், கூட்டத்துக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களுக்கும் பற்சக்கரம் கிடைத்தது. எங்கே போவது என்று முடிவு செய்யும் உரிமையும் அதோடு சேர்ந்து வந்தது. குலக்கல்வி கையைப் பிறப்போடு கட்டிப்போட்டது. சைக்கிள் அந்தக் கட்டை அவிழ்த்தது. ஒரு கல்வித் திட்டத்தை எடைபோட எனக்கு இந்த வேறுபாடு போதும்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். மார்கழிக் காலையில் தெருவில் கேட்கும் பேச்சு: "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி." நடுவரிசையில் 15 புள்ளிகள். மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8-இல் நிற்கும். மொத்தம் எத்தனை புள்ளிகள்? 8 முதல் 14 வரை கூட்டினால் 77. இருபக்கமும் 154. நடுவரிசையைச் சேர்த்தால் 169. இப்போது வேறு விதமாக எண்ணுங்கள். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி 6, அதைச் சுற்றி 12, பிறகு 18 என்று வளைய வளையமாகப் போனால் ஏழாவது வளையத்தில் 42. 6-ஐ 28-ஆல் பெருக்கி, நடுப்புள்ளியைச் சேர்த்தால் மறுபடி 169. வரிசையாக எண்ணினாலும் வளையமாக எண்ணினாலும் ஏன் ஒரே விடை? 7 புள்ளி 4 வரை என்றால் 37, அதற்கும் இரண்டு வழியும் பொருந்துகிறதா? என் முதலாண்டு மாணவிகளிடம் இதைக் கேட்டபோது, தினமும் கோலம் போடும் பெண்கள் "நாங்க எண்ணிப் பார்த்ததே இல்ல மேம்" என்றார்கள். அப்புறம் அரைமணி நேரம் வகுப்பில் சத்தம் அடங்கவில்லை.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற வாக்கியங்களை அமைப்பது போல, சில விதிகளைக் கொண்டு சிறிய கோலத்திலிருந்து பெரிய கோலங்களைப் பிறப்பிக்கும் இலக்கணத்தை அது எழுதிக் காட்டியது. கோட்பாட்டுக் கணினியியலில் அது மதிக்கப்படும் வேலை. மூவரில் இருவர் பெண்கள். லெகோ ரோபோவுக்கு முன்பே இது நம் ஊரில் நடந்தது. நம் பள்ளிக் கண்காட்சிகளில் கோலம் இப்போதும் வாசலில்தான் இருக்கிறது. நடுவர்கள் அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே போய் ரோபோவைப் பார்க்கிறோம்.

கோலத்தைத் தூக்கிப்பிடிக்கும்போதும் கவனம் தேவை. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவது பல பெண்களுக்கு இன்றும் விருப்பம் கேட்காத கடமை. எல்லா வீட்டுக்கும் வாசலும் இல்லை. எல்லாச் சமூகத்துக்கும் அது பழக்கமும் இல்லை. அதனால் அதைப் பெண்களுக்கான கணக்கு என்று ஒதுக்காமல், பையன்களையும் தரையில் உட்காரவைத்துப் புள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். பின்லாந்து 1866-லேயே கைவினையைப் பள்ளிப் பாடமாக்கிய நாடு. அங்கேகூட மரமும் உலோகமும் ஆண்களுக்கு, துணியும் நூலும் பெண்களுக்கு என்ற பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. 2016-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் இரண்டையும் எல்லோருக்கும் ஒரே பாடமாக ஆக்கியது. அவ்வளவு முன்னோடி நாட்டுக்கே இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இப்போதும் நடுவராகப் போகிறேன். ஆனால் வேறு மாதிரி கேட்கிறேன். குழுவில் ஒவ்வொருவரும் ஒரு இணைப்பைக் கழற்றி மறுபடி பொருத்திக் காட்ட வேண்டும் என்பேன். இந்த யோசனை யாருடையது என்று கேட்டு அந்தப் பெயரைத் தாளில் தனியாக எழுதுவேன். சார்ட்டை யார் வரைந்தது என்றும் கேட்பேன். அடுத்த முறை அதைப் பையன்கள் வரையட்டும் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வருவேன். சில பள்ளிகளில் மறுமுறை என்னை அழைப்பதில்லை. பரவாயில்லை.

அந்தத் துணிக்கொடிப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. மழைச்சொட்டு வழியே கசியும் மின்னோட்டம் மிகச் சிறியது, அது மோட்டாரை ஓட்டப் போதாது. அந்தச் சிறு மின்னோட்டத்தை வைத்துப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடத்தான் அங்கே டிரான்சிஸ்டர். இதை விளக்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தச் சால்டரிங் கம்பியை வாங்கி அவள் கையில் கொடுத்து, "நீ ஒண்ணு வச்சுப் பாரு" என்று சொல்ல இன்னும் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அன்று எனக்கு அடுத்த மேசைக்குப் போக அவசரமாக இருந்தது.